முதலில் தொடும் கை
(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



இந்தப் பாடசாலையில் படித்த எங்களுள் பலர் இன்று மருத்துவர்களாகவும் தாதியராகவும் பணியாற்றுகிறோம். அந்தப் பணியில் நாங்கள் கண்ட ஒன்றையும், செய்யத் தவறிய ஒன்றையும் இன்று சொல்ல விரும்புகிறோம்.

யாழ்ப்பாணத்தில் பூச்சிகொல்லிக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் 'மருந்து'. வெங்காயத்துக்கும் மருந்து, மிளகாய்க்கும் மருந்து. பல ஆண்டுகளுக்கு முன், வலிகாமத்தில் ஒரு சிறிய வைத்தியசாலைக்கு ஒரு தோட்டக்காரரைக் கொண்டுவந்தார்கள். முதுகில் சுமந்த மெசின் ஒழுகி, சேட்டும் சாரமும் ஊறியிருந்தன. அயலவரின் ஓட்டோவில் மனைவி அவரை மடியில் சாய்த்தபடி வந்தார்.

"என்ன பட்டது?" என்று கேட்டோம்.

"மருந்து, டொக்டர்."

"என்ன மருந்து?"

"வெங்காயத்துக்கு அடிக்கிற மருந்து."

அதற்கு மேல் பெயர் இல்லை. கண்மணி சுருங்கியிருந்தது, வாயில் நுரை, நெஞ்சில் சளி இரைந்தது. ஓகனோபொஸ்பேற் வகை என்று அனுமானித்து அற்றோபின் ஏற்றினோம். அவர் பிழைத்தார். ஆனால் அவருடைய உடுப்பைக் களைந்து உடலைக் கழுவிய சிற்றூழியர் அக்கா வெறுங்கையோடுதான் நின்றார். கையுறைகள் பிரசவத்துக்கென்று அலுமாரியில் பூட்டியிருந்தன. சிறிது நேரத்தில் அவருக்குத் தலையிடி, ஓங்காளம், பார்வை மங்கல். மறுநாள் அவருடைய லீவுப் படிவத்தில் காரணம் 'களைப்பு' என்று எழுதப்பட்டது. அதை எழுதியது எங்கள் கைதான். அந்த ஒரு சொல்லால் அவருக்கு நேர்ந்தது எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை.

இந்த வகை நஞ்சு தோலினூடாகவும் உடலுக்குள் போகும். நரம்பு தசைக்குச் சொல்லும் செய்தியை உரிய நேரத்தில் நிறுத்துகின்ற நொதியம் ஒன்று உண்டு. அதை இந்த நஞ்சு முடக்கிவிடும். 1995இல் டோக்கியோ சுரங்க ரயிலில் விடப்பட்ட சரினும் இதே குடும்பம்தான், வீரியம் மட்டும் பன்மடங்கு அதிகம். அன்று நோயாளரை ஏற்ற சென்ற் லூக்ஸ் வைத்தியசாலையில் 110 பணியாளர்களுக்கு அறிகுறிகள் தோன்றின. அந்த எண்ணிக்கை உலகுக்குத் தெரிவதற்குக் காரணம், அங்கே கேட்டு எழுதினார்கள் என்பதுதான்.

சட்டம் பிறக்கும் வழியும் இதுதான். 1984இல் போபாலில் ஆயிரக்கணக்கானோர் வந்து விழுந்தபோது, எந்த வாயு என்று மருத்துவர்களுக்கே தெளிவாகச் சொல்லப்படவில்லை. அதன் பின், 1986இல், ஆலைகள் தம்மிடமுள்ள நச்சுப் பொருட்களின் விபரத்தை உள்ளூர்த் தீயணைப்புப் படைக்குக் கொடுக்க வேண்டும் என்று அமெரிக்கா சட்டம் இயற்றியது. இலண்டனில் பணியாற்றும் எங்கள் சகோதரிகளுக்கு 2002ஆம் ஆண்டின் 'கொஷ்' விதிகள் தெரியும். ஊழியர் கையாளும் கேடான பொருளின் ஆபத்தை முதலில் மதிப்பிடுவது வேலைகொள்வோரின் கடமை. வைத்தியசாலையும் அதற்கு விலக்கல்ல.

எங்கள் நாடும் சும்மா இருக்கவில்லை. 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் மிகக் கொடிய வகைகள் 1995 அளவில் தடைசெய்யப்பட்டன. பின்னர் பரகுவாற்றும் போயிற்று. 1995இல் உச்சத்திலிருந்த தற்கொலை விகிதம் இருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 70 சதவீதம் குறைந்தது. விடுதிகளில் எழுதிவைத்த நஞ்சூட்டற் கணக்குகளே அந்தத் தடைகளுக்கு வழிகாட்டின.

ஆனால் முதலில் தொடும் கைக்கு என்ன காப்பு? 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், பெயருக்கேற்பத் தொழிற்சாலை மதிலோடு நின்றுவிடுகிறது. 1934ஆம் ஆண்டின் வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் தீங்கு நேர்ந்த பின்னரே பேசுகிறது, அதற்கும் எழுத்தில் சான்று வேண்டும். 'களைப்பு' என்ற சொல்லுக்கு யார் நட்டஈடு கொடுப்பார்?

இதைக் கேட்டு யாரும் பயந்து ஒதுங்கிவிடக் கூடாது. பென்ரனைல் போதைப்பொருளைத் தொட்டாலே மயங்கி விழுவோம் என்ற பயம் அமெரிக்கப் பொலிசாரிடையே பரவியபோது, 2017இல் நச்சியல் மருத்துவர் சங்கங்கள் அதை மறுத்தன. ஆபத்து மிகக் குறைவு, வழக்கமான வேலைக்கு நைத்திரைல் கையுறை போதும் என்றன. பயத்தால் உதவி தாமதித்தால் சாவது நோயாளிதான்.

செய்ய வேண்டியவை சிலவே. கையுறை போடுங்கள். வீட்டில் அது இல்லையென்றால் பொலித்தீன் பையையாவது கையில் மாட்டுங்கள். ஊறிய உடுப்பைக் களைந்து பையில் கட்டி வெளியே வையுங்கள். சவர்க்காரமும் நிறையத் தண்ணீரும் கொண்டு கழுவுங்கள். யன்னல்களைத் திறந்துவிடுங்கள். 2018 முதல் எங்கள் மாகாணத்திலும் ஓடும் 1990 அம்புலன்சை அழையுங்கள். சிட்டையோடு போத்தலைப் பையில் போட்டுக் கொடுத்துவிடுங்கள். 'மருந்து' என்று சொன்னால் போதாது, எங்களுக்குப் பெயர் வேண்டும்.

நூற்றாண்டு காணும் சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். வெளிநாடுகளில் வைத்தியசாலைகளிலும் அம்புலன்சிலும் பணியாற்றும் சகோதரிகளே, நஞ்சு பட்ட ஊழியருக்காக உங்கள் இடத்தில் நிரப்பும் படிவத்தின் ஒரு வெற்றுப் பிரதியை அனுப்பிவையுங்கள். அதைத் தமிழில் ஆக்கி, எங்கள் கிராமத்து வைத்தியசாலைகளில் வைக்க அனுமதி கேட்போம். சில ஆண்டுகள் ஒழுங்காக எழுதினால், சட்டம் கேட்டுப் போகும்போது கையில் கணக்கு இருக்கும்.

அந்த அக்கா இப்போது ஓய்வுபெற்றுவிட்டார். அவருக்காக அன்று எழுதத் தவறியதை இன்று இந்த மலரிலாவது எழுதுகிறோம்: அது களைப்பல்ல, நஞ்சு.