வீட்டுத் தோட்டத்தில் நல்ல தக்காளி
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



தில்லிக்கு வந்த புதிதில், ஊர் நினைவில் பங்குனியில் தக்காளி விதைத்தேன். செடி தழைத்தது, ஆனால் வெயிலில் பூக்களெல்லாம் உதிர்ந்தன. பகல் வெப்பம் 35 பாகையைக் கடந்தாலும், இரவில் 13 பாகைக்குக் கீழ் இறங்கினாலும் பிஞ்சு பிடிப்பது அரிது. ஆகவே இங்கு நவம்பரில் நாற்றுவிட்டு, உறைபனியிலிருந்து காத்து, ஜனவரிக் கடைசியில் நடுதல் நலம். நம் நகரத்துப் பூசா ஆராய்ச்சிக் கழகம் உருவாக்கிய ‘பூசா ரூபி’ ஏற்ற இனங்களுள் ஒன்று.

அடுத்த ஆண்டு காய்கள் நிறையத் தோன்றின. ஆனால் அவற்றின் அடிப்பாகம் கருகியது. பூச்சியென்று எண்ணி மருந்து தெளித்தேன். குழந்தைகள் பறித்துண்ணும் பழத்தில் நஞ்சைத் தூவியதே மிச்சம்! அது பூச்சியன்று, சுண்ணாம்புச் சத்து காயின் நுனிவரை சென்று சேராத குறை. அச்சத்தைச் சுமந்து செல்வது நீரே. நானோ ஒரு நாள் வெள்ளமாக விட்டு, மூன்று நாள் காயவிட்டேன்! பின்னர் நாள்தோறும் அளவாக நீர் வார்த்து, வேரடியில் சருகு பரப்பினேன். புதிதாகக் காய்த்தவற்றில் கருகல் இல்லை.

நிறம் மாறத் தொடங்கிய பழத்தைப் பறித்து நிழலில் வைத்துப் பழுக்க விடுங்கள். கடும் வெப்பத்தில் செந்நிறம் செவ்வனே ஏறாது.

தை மாதத்தில் நாற்று வேண்டுவோர் எம் இல்லத்திற்கு வருக, மகிழ்வுடன் அளிப்பேன்.