கேமரா போனால் போகட்டும், படம் போகலாமா?

(பள்ளுருத்தியில் நடந்த அங்கத்தினர் குடும்ப ஒன்றுகூடலில் பேசியதன் எழுத்து வடிவம்)



"வெளிநாடு போய் வந்திருக்கேள், பத்து நிமிஷம் ஏதாவது பேசுங்கோ" என்று காரியதரிசி சொன்னார். பார்த்த இடங்களின் பெருமையைப் பேச இங்கே என்னைவிடத் தகுதியானவர்கள் பலர் உண்டு. நான் தொலைத்ததைப் பற்றிப் பேசுகிறேன். பிள்ளையையும் பெண்ணையும் பார்க்க இந்த வருஷமும் நம்மில் பலர் விமானம் ஏறப் போகிறோம். யாருக்காவது உபயோகப்படட்டும்.

இங்கிருந்து கொஞ்ச தூரத்தில்தான் மட்டாஞ்சேரி. 1568-ல் கட்டிய யூதர் கோவிலைப் பார்க்க வரும் வெள்ளைக்காரர்கள், கேமராப் பையைக் குழந்தையைக் கட்டிக்கொள்வதுபோல் மார்பில் கட்டிக்கொண்டு நடப்பார்கள். "நம்மூரில் யார் பிடுங்கப் போகிறார்கள்?" என்று நான் சிரித்ததுண்டு. அவர்கள் ஊரில் கற்ற பாடம் அது என்று எனக்கு 2018-ல்தான் புரிந்தது.

அந்த வருஷம் மே மாதம், ஜெர்மனியில் வேலையாயிருந்த பையனிடம் போனோம். அங்கிருந்து நான்கு நாள் பார்சிலோனா. என் மனைவியும், 76 வயதான அம்மாவும் கூட வந்தார்கள். மூன்றாம் நாள் காலை, பிளாசா கடலுன்யா என்ற பெரிய சதுக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். நாகரிகமாக உடுத்திய ஒருவர் ஓடி வந்து அம்மாவின் முதுகைக் காட்டினார். புடவையில் பச்சையாக ஏதோ கொழகொழவென்று வழிந்திருந்தது. பறவை எச்சம் என்று ஜாடையில் சொல்லிக் காகிதமும் நீட்டினார்.

அம்மா எந்த ஊரிலும் மடி பார்ப்பவள். "ஐயோ, எச்சமாடா?" என்று துடித்துவிட்டாள். மனைவி துடைக்க, நான் தண்ணீர் பாட்டிலைத் திறக்க, அரை நிமிஷம்தான். திரும்பிப் பார்த்தால் பெஞ்சில் பை இல்லை. கேமரா, இரண்டு லென்ஸ், சார்ஜர் எல்லாம் போயின. காகிதம் கொடுத்த புண்ணியவானையும் காணோம்! எச்சமும் இல்லை, பறவையும் இல்லை. அவர்களே தெளித்த ஏதோ குழம்பு. வெகுநாளாக நடக்கும் தந்திரம் என்று பிறகு தெரிந்தது. திருடன் முதலில் எடுத்தது நம் கவனத்தை, பையை அதற்கப்புறம்தான்.

இது ஒரு ஊரின் குறை அல்ல. ரோமாபுரியில் 64-ஆம் நம்பர் பஸ் ஜேப்படிக்குப் பேர்போனது. 2013 ஏப்ரலில் பாரிஸ் லூவர் மியூசியத்தின் ஊழியர்களே ஜேப்படிக்காரர் தொல்லை தாங்காமல் வேலைநிறுத்தம் செய்து, ஒரு நாள் மியூசியத்தை மூட வேண்டி வந்தது.

போலீஸில் புகார் எழுதி வாங்கினோம். ஷெங்கன் விசாவுக்கு எடுக்கும் 30,000 யூரோ காப்பீடு வைத்தியச் செலவுக்கானது, கேமராவுக்கு உதவாது. சாமான்களுக்கென்று நான் தனியாக எடுத்த பாலிசியிலும் பணம் வரவில்லை. "பை உங்கள் கைவசம் இல்லாமல் இருந்தது" என்று எழுதிவிட்டார்கள். பாலிசியைப் படித்துப் பார்த்தேன். பொடி எழுத்தில் அப்படியேதான் இருந்தது.

இப்போது நான் கடைப்பிடிப்பதைச் சொல்கிறேன்.

கிளம்பும் முன் கேமரா, லென்ஸ் இவற்றின் சீரியல் நம்பரையும் பில்லின் நகலையும் வீட்டில் ஒன்று, கையில் ஒன்று வைக்கிறேன். நம்பர் இல்லாமல் போலீஸ் புகாருக்குப் பலம் இல்லை. விலையுயர்ந்த சாமானானால், புறப்படும்போதே விமான நிலையக் கஸ்டம்ஸில் காட்டி 'எக்ஸ்போர்ட் சர்ட்டிபிகேட்' வாங்கலாம். திரும்பி வரும்போது, இங்கிருந்து கொண்டுபோனதுதான் என்பதற்கு அது சாட்சி.

விமானத்தில் கேமரா கைப்பையில்தான். உபரி லித்தியம் பாட்டரிகளைப் பெரிய பெட்டியில் போடவே கூடாது என்பது விமான விதி.

தெருவில் பையின் வார் தோளில் குறுக்காக, பை முன்பக்கம். கம்பெனி பேர் போட்ட பை, 'உள்ளே கேமரா இருக்கிறது' என்று தமுக்கடிக்கும். பழைய சாதாரணப் பை போதும். ஓட்டலில் நாற்காலி முதுகில் மாட்டாமல், வாருக்குள் காலை விட்டு உட்காருங்கள். மெட்ரோவில் கதவோரம் நிற்காதீர்கள். கதவு மூடும் கணத்தில் பிடுங்கிக்கொண்டு இறங்கிவிடுவான். யாராவது மேலே எதையாவது கொட்டினாலோ, காலடியில் சாவியைப் போட்டாலோ, முதலில் கை போக வேண்டிய இடம் உங்கள் பை. அழகியகாவு புலவாணிபக் கூட்டத்தில் நம் மாமிகள் சங்கிலியைத் தலைப்பால் மூடிக்கொள்கிறார்களே, அதே ஜாக்கிரதைதான்.

கடைசியாக, முக்கியமானது. தினமும் ராத்திரி படங்களை வேறொரு இடத்தில் பிரதி எடுங்கள். ஒரே பெரிய கார்டுக்குப் பதில் இரண்டு மூன்று சின்னக் கார்டு வையுங்கள். நிரம்பிய கார்டு கேமராப் பையில் இருக்கவே கூடாது.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது அம்மா. இரண்டாம் நாள் ராத்திரி ஒரு கார்டு நிரம்பியது. அதை மேஜைமேல் வைத்திருந்தேன். "இத்தனூண்டு சாமானை இப்படியா போடுவா?" என்று எடுத்துத் தன் சுருக்குப் பையில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டாள். மூன்றாம் நாள் படங்கள் கேமராவோடு போயின. முதல் இரண்டு நாள் படங்கள் அந்தச் சுருக்குப் பையில் பிழைத்தன.

2020-ல் அம்மா காலமானாள். வீட்டுக் கூடத்தில் மாட்ட நல்ல படம் தேடினோம். கடலோரத்தில் காற்றில் தலைப்பைப் பிடித்துக்கொண்டு அவள் சிரிக்கும் படம் ஒன்று அந்தக் கார்டில் இருந்தது. அதைத்தான் மாட்டியிருக்கிறோம்.

கேமரா அடுத்த வருஷமே வேறு வாங்கிவிட்டேன். அந்தச் சிரிப்பை எந்தக் கடையில் வாங்குவேன்?

ஜாக்கிரதையாகப் போய், க்ஷேமமாகத் திரும்பி வாருங்கள். நமஸ்காரம்.