மறதியும் மாறிய ஊரும்

இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் கார் உற்பத்தி தொடங்கிற்று. 2010-இல் ஒரகடத்திலும் ஒரு பெருந்தொழிற்சாலை இயங்கலாயிற்று. ஏரிக்கரையையும் வரப்பையும் கொண்டு வழியறிந்த முதியவர் இன்று அகன்ற சாலையோரம் திகைத்து நின்றால், அது மறதிநோயா, ஊர் மாறியதன் விளைவா?

மருத்துவர் தேதி கேட்கிறார். ஆடியில் விதைத்துத் தையில் அறுத்தவருக்கு ஆங்கில மாதம் எதற்கு? எழுத்தறியா முதியோர்க்கேற்ப அரியானாவின் பல்லப்கரில் திருத்தியமைக்கப்பட்ட வினாத்தொகுதி 1995-இல் வெளிவந்தது. ஆயினும் மதிப்பெண் மட்டும் நோயை உறுதிசெய்யாது. தைராய்டுக் குறைவு, பி12 குறைபாடு, மனச்சோர்வு ஆகியனவும் மறதியாய்த் தோன்றும், அவற்றிற்கு மருந்துண்டு. எனவே இரத்தப் பரிசோதனை வேண்டும்.

அதனினும் இன்றியமையாதது வீட்டார் வாக்குமூலம். முன்பு தாமே செய்த எதனை இப்போது அவரால் செய்ய இயலவில்லை? மகனுக்கோ ஆலையில் இரவு ஷிப்டு, பகலெல்லாம் உறக்கம். "வயதானால் மறதிதானே" என்பான். அறிந்தவள் மனைவி ஒருத்தியே. கூலியை இருமுறை கொடுத்ததையும், வேட்டி கட்டத் தடுமாறியதையும் ஊரறியாமல் மறைத்துக் காப்பவளும் அவளே. மோட்டார் சைக்கிளில் பின்னிருக்கை ஒன்றுதான். அதில் தந்தை அமர, தாய் வீட்டில் தங்கிவிடுகிறாள். மூவரும் பேருந்திலேயே செல்லட்டும். அந்த அம்மையாரிடம் மருத்துவர் தனியே பேசட்டும்.