பட்டியலில் ஒரு பெயர்: பணிமூப்பும் பதவி உயர்வும்

(இரட்டைமலை சீனிவாசன் நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இரட்டைமலை சீனிவாசனைப் பற்றிப் பேசுகிறவர்கள் வட்டமேசை மாநாட்டைச் சொல்வார்கள். 1893-இல் அவர் தொடங்கிய 'பறையன்' இதழைச் சொல்வார்கள். பொதுச்சாலையும் பொதுக்கிணறும் எல்லோருக்கும் உரியவை என்று சென்னை சட்டமன்றத்தில் அவர் கொண்டுவந்த தீர்மானத்தைச் சொல்வார்கள். இன்று நான் எடுத்துக்கொள்வது அதிகம் பேசப்படாத ஒரு மனுவை. 1893-இல் ஐ.சி.எஸ். தேர்வை லண்டனில் மட்டுமல்லாமல் இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டது. சீனிவாசன் அதை எதிர்த்தார். 3412 பேரிடம் கையொப்பம் வாங்கி இங்கிலாந்து நாடாளுமன்றத்துக்கு மனு அனுப்பினார். தேர்வு இங்கே நடந்தால் அதிகாரியாகி வருகிறவர்கள் சாதி இந்துக்களாகத்தான் இருப்பார்கள், அவர்கள் கையில் நம் மக்கள் என்ன பாடுபடுவார்கள் என்பதுதான் அவருடைய கேள்வி.

அந்த நிலைப்பாட்டை இன்று ஏற்பதும் மறுப்பதும் உங்கள் உரிமை. ஆனால் அந்தக் கேள்வியின் கூர்மையைக் கவனியுங்கள். தேர்வு எல்லோருக்கும் பொது என்று சொல்லப்பட்டபோது, நாற்காலியில் உட்காரப்போவது யார் என்று கேட்ட மனிதர் அவர். நீலகிரியில் கணக்கராக வேலை பார்த்தவருக்கு அலுவலகம் எப்படி இயங்கும் என்று தெரிந்திருந்தது. நானும் முப்பது வருடம் அரசு அலுவலகத்தில் கோப்பு எழுதியவன். அதனால் அந்தக் கேள்வியை நாற்காலிக்குப் பின்னால் இருக்கும் ஒரு காகிதத்தின் மீது வைக்கிறேன். அந்தக் காகிதத்தின் பெயர் பணிமூப்புப் பட்டியல்.

நம் பக்கத்தில் 'ஆபீஸ்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. சிவகாசியிலும் திருத்தங்கலிலும் சாத்தூரிலும் "அம்மா ஆபீசுக்குப் போயிருக்கு" என்று ஒரு பிள்ளை சொன்னால் அது பட்டாசு ஆபீஸ் அல்லது தீப்பெட்டி ஆபீஸ். அங்கே திரி வைப்பதும் சரம் பின்னுவதும் குழாய் சுற்றுவதும் பீஸ்ரேட்டுக்குத்தான். இருபது வருடம் உட்கார்ந்தவருக்கும் நேற்று வந்தவருக்கும் ஒரே கூலி. பணிமூப்பு என்ற பேச்சே கிடையாது. கணக்கப்பிள்ளை நோட்டில் பெயர் ஏறினால் உண்டு, ஏறாவிட்டால் இல்லை. வெடி விபத்து நடந்து இழப்பீடு கேட்கப் போகிற நாளில்தான் அந்த நோட்டின் அருமை குடும்பத்துக்குத் தெரியும். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நடந்ததை இங்கே யாருக்கும் நினைவுபடுத்தத் தேவையில்லை.

அந்த அம்மாவின் மகள் குரூப் 4 தேர்வு எழுதி இளநிலை உதவியாளராகவோ தட்டச்சராகவோ போகிறாள். அது இரண்டாவது ஆபீஸ். வீட்டில் முதன்முதலாகப் பணிப்பதிவேடு என்ற ஒன்று திறக்கப்படுகிறது. முதன்முதலாக ஒரு பட்டியலில் பெயரும் அதற்கு முன்னால் ஓர் எண்ணும் வருகின்றன. வேலை கிடைத்துவிட்டது, இனி கவலையில்லை என்று ஊரே நினைக்கிறது. எனக்குத் தெரிந்தவரை சண்டை அங்கேதான் தொடங்குகிறது. அவள் எந்த வருடம் உதவியாளர் ஆவாள், கண்காணிப்பாளர் ஆவாளா, வருவாய்த் துறையில் இருந்தால் துணை வட்டாட்சியராகி வட்டாட்சியர் வரை போவாளா, இளநிலை உதவியாளருக்கு அடுத்த படியிலேயே ஓய்வு பெறுவாளா என்பதையெல்லாம் பெரும்பாலும் அந்த எண்தான் தீர்மானிக்கிறது.

இந்தச் சண்டை டெல்லியில் தொடங்கியதல்ல, நம் தென்னக ரயில்வேயில் தொடங்கியது. 1959-இல் ரயில்வே வாரியம், மூன்றாம் பிரிவுத் தேர்வுநிலைப் பதவிகளுக்கான பதவி உயர்விலும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு இடம் ஒதுக்கிச் சுற்றறிக்கை அனுப்பியது. அதை எதிர்த்து ரங்காச்சாரி என்ற ஊழியர் சென்னை உயர்நீதிமன்றம் போனார், வென்றார். தென்னக ரயில்வே பொதுமேலாளர் மேல்முறையீடு செய்தார். 1961-இல் உச்சநீதிமன்ற நீதிபதிகள் ஐவரில் மூவர், பதவி உயர்விலும் இடஒதுக்கீடு செல்லும் என்றார்கள். ஒரே ஒரு நீதிபதியின் கணக்கில் கிடைத்த தீர்ப்பு அது. முப்பது வருடம் அதுதான் நம்மைக் காத்தது. 1992-இல் மண்டல் வழக்கான இந்திரா சாஹனி தீர்ப்பில், பதவி உயர்வில் இடஒதுக்கீடு கூடாது என்று அது மாற்றப்பட்டது. 1995 ஜூன் 17 அன்று 77-ஆவது திருத்தம் வந்தது. 16(4அ) என்ற உட்பிரிவு சேர்ந்தது. பதவி உயர்வில் இடஒதுக்கீடு திரும்பியது.

இடம் திரும்பியது என்று நாம் மூச்சு விடுவதற்குள் சண்டை மூப்புக்கு மாறியது. மாணவர்கள் இதைப் புரிந்துகொள்ள ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். முருகன், செல்வி என்று இரண்டு எழுத்தர்கள். கீழ்நிலைப் பட்டியலில் முருகன் மேலே, செல்வி கீழே. இடஒதுக்கீட்டில் செல்வி முதலில் உதவியாளர் ஆகிறாள். மூன்று வருடம் கழித்து முருகனும் உதவியாளர் ஆகிறார். இப்போது உதவியாளர் பட்டியலில் யார் மூத்தவர்? முதலில் வந்து மூன்று வருடம் வேலை பார்த்த செல்வி என்று நீங்கள் சொல்வீர்கள். இல்லை, முருகன் வந்த அன்றே தன் பழைய மூப்பைத் திரும்பப் பெற்றுக்கொள்வார் என்றது 1995 அக்டோபரில் வந்த வீர்பால் சிங் சௌகான் தீர்ப்பு. அது ரயில்வே கார்டுகளின் வழக்கு. அடுத்து ஹரியானா கல்வித் துறை எழுத்தர்கள் தொடர்பாக 1997-இல் வந்த ஜகதீஷ் லால் தீர்ப்பு செல்வியின் பக்கம் நின்றது. 1999-இல் அஜித் சிங் வழக்கின் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதைத் தள்ளி, மறுபடியும் முருகன் பக்கம் போனது. 2001-இல் நாடாளுமன்றம் 85-ஆவது திருத்தத்தை நிறைவேற்றி, பதவி உயர்வோடு சேர்ந்து வரும் மூப்பும் உண்டு என்று 16(4அ)-வில் எழுதியது. அதை 1995 ஜூன் 17 முதலே செல்லுபடியாக்கியது.

ஒரு எழுத்தர் இன்னொரு எழுத்தருக்கு மேலேயா கீழேயா என்பதற்காக இந்த நாட்டின் அரசியல் சட்டமே திருத்தப்பட்டது. சின்ன விஷயம் என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

இனி தமிழ்நாட்டுக்கு வருவோம். சமூகநீதி மாநிலம் என்று பெருமையாகச் சொல்கிறோம். நியமனத்தில் பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடு, அதற்குள் 2009 முதல் அருந்ததியருக்கு 3, பழங்குடியினருக்கு 1 விழுக்காடு உண்டு. ஆனால் மாநில அரசுப் பணியில் பதவி உயர்வில் நமக்குப் பொதுவான இடஒதுக்கீடு இல்லை. 16(4அ) தந்த கதவை நம் மாநிலம் திறக்கவில்லை. அதற்குப் பதிலாக இங்கே வேறொரு ஏற்பாடு இருந்தது. நியமனத்தின்போது பின்பற்றும் இனச்சுழற்சி வரிசையையே பணிமூப்பு வரிசையாகவும் வைத்துக்கொண்டார்கள்.

அது எப்படி வேலை செய்தது என்று பாருங்கள். 100 பேரைத் தேர்வு செய்தால் 18 பேர் நம்மவர்கள். சுழற்சியில் அவர்களுடைய முறை பட்டியல் முழுக்கப் பரவி வரும். மேலிருந்து 30 பேருக்குப் பதவி உயர்வு என்றால் ஐந்து பேர் அளவில் நம்மவர்கள் இருப்பார்கள். அதே 100 பேரை மதிப்பெண் வரிசையில் அடுக்கினால், பொதுப்பிரிவிலேயே இடம் பிடிக்கும் நம் பிள்ளைகள் மேலே இருப்பார்கள். ஒதுக்கீட்டில் வந்தவர்களில் பலர் கீழ்ப்பாதியில் சேர்ந்துவிடுவார்கள். முதல் 30-இல் அவர்களில் ஒருவர்கூட இல்லாமல் போகலாம். வேலை அதே வேலை, ஆட்கள் அதே ஆட்கள். வரிசை மாறினால் வாழ்க்கை மாறுகிறது.

இந்தச் சுழற்சி மூப்பை மதிப்பெண்ணில் முன்னால் இருந்தவர்கள் எதிர்த்தார்கள். 2003 மார்ச் 10 அன்றே ஹரியானா வழக்கொன்றில், சுழற்சி என்பது நியமனத்துக்குத்தான், மூப்புக்கு அல்ல என்று உச்சநீதிமன்றம் சொல்லியிருந்தது. 2015 மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்றம் அதையே இங்கும் சொன்னது. 2016 ஜனவரியில் உச்சநீதிமன்றம் மேல்முறையீட்டைத் தள்ளியது. அதே வருடம் சட்டமன்றம், அரசு ஊழியர் பணி நிபந்தனைச் சட்டம் கொண்டுவந்து, சுழற்சி மூப்பைப் பின்தேதியிட்டுக் காப்பாற்றப் பார்த்தது. 2019 நவம்பர் 15 அன்று அந்தச் சட்டத்தின் 1(2), 40, 70 ஆகிய பிரிவுகளை உயர்நீதிமன்றம் செல்லாது என்றது. 2021 அக்டோபர் 1 அன்று உச்சநீதிமன்றம், தீர்ப்பை நடைமுறைப்படுத்தாத அதிகாரிகள் அவமதிப்புக் குற்றம் செய்தவர்கள் என்று சொல்லி, டி.என்.பி.எஸ்.சி. தரவரிசைப்படி பட்டியலைத் திருத்த 12 வாரம் கெடு கொடுத்தது. அதன் பிறகு துறைதோறும் பட்டியல்கள் திருத்தப்பட்டன. பதவி உயர்வு பெற்றிருந்தவர்கள் பதவியிறக்கத்தைச் சந்தித்தார்கள்.

இதில் நம் நிலைப்பாடு என்ன? நீதிமன்றத்தைத் திட்டிவிட்டு எழுந்து போவது எளிது. சில உண்மைகளை நாமும் ஒப்புக்கொள்ள வேண்டும். சுழற்சி மூப்பு நமக்காக யோசித்துச் செய்த ஏற்பாடு அல்ல, அலுவலக வசதிக்காக அமைந்து நமக்கும் பயன்பட்டது. அதற்குச் சட்டத்தில் அடித்தளம் பலமாக இல்லை. அதே சமூகத்துக்குள்ளேயே அதிக மதிப்பெண் வாங்கியவர் சுழற்சியில் பின்னால் போனதும் உண்டு. பக்கவாசலில் கிடைத்த நிழலை வீடு என்று நம்பிக்கொண்டிருந்தோம். இப்போது நிழல் போய்விட்டது. நாம் கேட்க வேண்டியது முன்வாசலை. 16(4அ)-வின்படி பதவி உயர்வில் இடஒதுக்கீடும், அதோடு சேர்ந்த மூப்பும் வேண்டும்.

'தகுதி' என்று ஒரு பதில் வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் எழுதிய தேர்வின் மதிப்பெண், ஒருவருடைய முப்பது வருட உழைப்புக்கும் அளவுகோலாகிறது. பட்டாசு ஆபீசுக்குப் போய்க்கொண்டே மூன்றாம் முறை எழுதித் தேறியவளுக்கும், இரண்டு வருடம் பயிற்சி மையத்தில் இருந்து எழுதியவருக்கும் அந்த ஞாயிற்றுக்கிழமை ஒன்றல்ல. வேலைக்கு வந்த பிறகு யார் நன்றாகக் கோப்பு எழுதுகிறார், யார் மனு கொண்டுவந்த கிழவியை உட்காரச் சொல்கிறார் என்பதற்கு அந்தப் பட்டியலில் இடமே இல்லை.

முன்வாசல் எப்படித் திறக்கும்? 2006 நாகராஜ் தீர்ப்பும் 2018, 2022 ஜர்னைல் சிங் தீர்ப்புகளும் வழியைச் சொல்லிவிட்டன. பிற்பட்ட நிலையைத் தனியாக நிரூபிக்கத் தேவையில்லை என்றது 2018. போதிய பிரதிநிதித்துவம் இல்லை என்பதற்குப் புள்ளிவிவரம் வேண்டும், அதைப் பணிநிலை வாரியாக எடுக்க வேண்டும் என்றது 2022. கர்நாடகம் இதைச் செய்து காட்டியது. அதன் பழைய சட்டம் 2017-இல் அடிபட்டது. ரத்னபிரபா குழுவை வைத்து விவரம் திரட்டி, 2018-இல் புதுச் சட்டம் கொண்டுவந்தது. 2019 மே மாதம் உச்சநீதிமன்றம் அதை ஏற்றது. பெங்களூருவில் முடிந்தது சென்னையில் ஏன் முடியாது?

எனவே முதல் கோரிக்கை, எண்ணிச் சொல்லுங்கள் என்பதுதான். ஒவ்வொரு துறையிலும் இளநிலை உதவியாளர் எத்தனை, உதவியாளர் எத்தனை, கண்காணிப்பாளர் எத்தனை, அதில் பட்டியல் சாதியினர், அருந்ததியர், பழங்குடியினர் தனித்தனியாக எத்தனை என்று வெளியிடட்டும். அருந்ததியரைத் தனியாக எண்ணாமல் எடுக்கும் கணக்கு நமக்கு வேண்டாம். தூய்மைப் பணியில் மட்டும் நிறைந்திருப்பதை 'பிரதிநிதித்துவம்' என்று காட்டிவிடுவார்கள். இங்கிருக்கும் மாணவர்கள் ஆளுக்கொரு அலுவலகத்தை எடுத்துக்கொண்டு தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால், ஒரு மாவட்டத்தின் படம் நம் கையில் வந்துவிடும்.

இரண்டாவது, பணியில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு. தற்காலிகப் பணிமூப்புப் பட்டியல் வரும்போது ஆட்சேபணைக்குக் கெடு இருக்கும். அதற்குள் எழுத்தில் கொடுங்கள், ஒப்புகை வாங்குங்கள். வாயால் சொன்னதற்குக் கோப்பில் எண் கிடையாது. பவானிசாகர் பயிற்சியும் துறைத் தேர்வும் முடியாமல் தகுதிகாண் பருவமும் பதவி உயர்வும் நின்றுபோகும். பயிற்சிக்கு அனுப்பும் பட்டியலில் உங்கள் பெயர் தள்ளிக்கொண்டே போனால், அதை முதல் முறையே கேளுங்கள். சொந்த விருப்பத்தில் வேறு மாவட்டத்துக்கு மாறினால் அங்கே கடைசிப் பெயராகத்தான் சேர வேண்டும். வீட்டு நிலைமைக்காகக் கேட்கும் மாறுதலின் விலை அது, தெரிந்து கேளுங்கள். தேர்ந்தோர் பட்டியல் தயாராகும் நேரத்தில் 17(ஆ) குறிப்பாணை ஒன்று மேசைக்கு வந்தால், நிலுவையைக் காட்டி உங்கள் பெயரை ஒத்திவைக்க முடியும். அதனால் விளக்கத்தைத் தாமதிக்காமல் கொடுங்கள். சாதிப்பெயர் சொல்லித் திட்டுவது குறைந்திருக்கலாம். காகிதத்தால் தள்ளிவைப்பது குறையவில்லை.

மூன்றாவது, எழுத்தாளர்களுக்கு. பாமா பிறந்த மாவட்டம் இது. கருகிய உடம்புகளையும் தீப்பெட்டிக் குச்சி அடுக்கிய விரல்களையும் நம் இலக்கியம் அறியும். அந்தப் பணிப்பதிவேட்டையும், ஜூனியரான முருகனுக்கு எழுந்து நின்று 'சார்' என்று சொல்ல வேண்டிவந்த செல்வியின் காலைப்பொழுதையும் எழுதுங்கள்.

பெயர் எங்கே எழுதப்படுகிறது என்பது இந்த மண்ணுக்குப் புதிய சண்டை அல்ல. 1997-இல் இந்த மாவட்டத்தின் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைத்தார்கள். பேருந்தில் ஒரு பெயரைப் பார்க்கப் பொறுக்காமல் கலவரம் நடந்தது. முடிவில் மாவட்டங்களுக்கும் கழகங்களுக்கும் வைத்த தலைவர்கள் பெயர் எல்லாவற்றையும் அரசு எடுத்துவிட்டது. காமராசர் மாவட்டம் விருதுநகர் மாவட்டம் ஆனதும் அப்படித்தான். பேருந்தில் இருந்த பெயரை அழித்ததை ஊரே பார்த்தது. பட்டியலில் ஒரு பெயர் ஆறாம் இடத்திலிருந்து அறுபதாம் இடத்துக்குப் போவதை யாரும் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டியவர்கள் நாம். அடுத்த பட்டியல் வரும்போது அதைக் கையில் வாங்கி, முதல் பெயரிலிருந்து கடைசிப் பெயர்வரை விரல் வைத்துப் படியுங்கள்.