முதுகெலும்பு முறிந்தோரைக் காப்போம்



கல்விச் சங்க விழாவில் முதுகெலும்பைப் பற்றிப் பேசுவானேன் எனச் சிலர் வியக்கலாம். தென்னை ஏறுவோரும், கிணறு வெட்டுவோரும், சாரத்தில் நின்று கட்டடம் எழுப்புவோரும் நம்மவர்களில் மிகுதி. ஆதலின் உயரத்திலிருந்து வீழ்வோரும் நம்மவர்களே. இவ்வறிவு நமக்கு இன்றியமையாதது.

கழுத்து முதல் இடுப்பு வரை 24 முள்ளெலும்புகள் அடுக்கப்பெற்றுள்ளன. அவற்றினுள்ளே இறங்கும் தண்டுவடம் இடுப்பின் முதல் அல்லது இரண்டாம் எலும்பளவில் முடிகிறது. அதன்கீழ் நரம்புக் கற்றை குதிரைவால்போல் தொங்குகிறது. காலின் வலிமையும், சிறுநீர், மலம் அடக்கும் ஆற்றலும் அக்கற்றையைச் சார்ந்தவை.

முறிவுகள் அனைத்தும் ஒருதன்மையன அல்ல. 1983இல் டெனிஸ் என்னும் மருத்துவர் முதுகெலும்பை முன், நடு, பின் என மூன்று தூண்களாகப் பகுத்தார். இரு தூண்கள் சிதைந்தால் எலும்பு நிலைகுலையும். அசைக்குந்தோறும் உடைந்த துண்டு நரம்பை நசுக்கக்கூடும்.

மருத்துவர் முதலில் கால்விரல், கணுக்கால், முழங்கால் ஆகியவற்றின் வலிமையையும், ஆசனவாயைச் சூழ்ந்த உணர்ச்சியையும் சோதிப்பார். எலும்பின் உடைவைச் சி.டி. ஸ்கேனும், நரம்பையும் எலும்புகளைப் பிணைக்கும் நார்களையும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் காட்டும். அறுவையில், முறிந்த எலும்பின் மேலும் கீழுமுள்ள நல்ல எலும்புகளில் திருகாணிகளைச் செலுத்தி உலோகத் தண்டுகளால் இணைப்பர். நரம்பின்மீதுள்ள அழுத்தத்தை நீக்குவர். தண்டுவடத்தைவிடக் குதிரைவால் நரம்புகள் மீள வாய்ப்பு மிகுதி. ஆயினும் காலம் தாழ்த்தினால் அவ்வாய்ப்புக் குறையும்.

இளைஞர்களே! வீழ்ந்தவரை ஆளுக்கொரு கைகால் பற்றித் தூக்காதீர்கள். இருசக்கர வண்டியில் அமர்த்தாதீர்கள். எண்ணெய் தேய்த்து நீவ விடாதீர்கள். அசையாமல் கிடத்தி 108ஐ அழையுங்கள். நகர்த்தியே தீரவேண்டுமெனில், நால்வர் சேர்ந்து தலையும் முதுகும் காலும் ஒருசேரத் திருப்பிப் பலகையில் கிடத்துங்கள். கால் மரத்ததா, சிறுநீர் கழிந்ததா எனக் கேட்டு மருத்துவரிடம் கூறுங்கள். அரசு மருத்துவமனையில் கைகட்டி நிற்க வேண்டா. சிகிச்சை கேட்பது நம் உரிமை.

கால்கள் மீளாவிடினும் வாழ்வு முடிவதில்லை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954இல் கார் விபத்தால் இரு கால்களும் செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை செய்தார்; 1966இல் அங்கு மறுவாழ்வு நிலையம் எழக் காரணமானார். கல்வியே அவரைத் தாங்கிற்று.

உழைப்பவர் ஒருவர் படுக்கையில் வீழ்ந்தால் அவ்வீட்டுப் பிள்ளையின் படிப்பும் வீழ்கிறது. அதனாற்றான் இவ்விழாவில் இதனைப் பேசினோம். ஊருக்கு நால்வரேனும் முதலுதவி கற்க இச்சங்கம் வழிசெய்யட்டும்.