மண்ணும் மறையும்



திருச்சபையின் பணி ஆன்ம மீட்போடு நிறைவு பெற்றுவிடுகிறதா? மனிதன் கால் ஊன்றி நிற்கும் மண்ணின் நீதியும் அப்பணியில் அடங்குமா? இது மறைநூல் வல்லார் மட்டும் ஆராய்ந்து தீர்க்கும் வினா அன்று. நூற்றாண்டுக்கு முன்பு இந்த வட்டாரத்து வயல்வெளிகளில் உழைப்பாளர் வாழ்க்கையே எழுப்பிய வினா. இன்று தொழிற்பேட்டையாலும் ஆளுநர் மாளிகையாலும் அறியப்படும் கிண்டி, அந்நாளில் செங்கற்பட்டு மாவட்டத்துச் சைதாப்பேட்டை வட்டத்தைச் சேர்ந்திருந்தது. அம்மாவட்டத்து ஏரிப் பாசன ஊர்களில் உழுதவர்க்கு நிலம் இல்லை. குடியிருந்த மனைகூடத் தமதென்று சொல்லும் உரிமை இல்லை.

1843ஆம் ஆண்டுச் சட்டம் அடிமை முறைக்கு அரசின் ஏற்பை நீக்கிவிட்டது. ஆயினும் சேரியில் வாழ்ந்த படியாள், பட்ட கடனால் மிராசுதாரின் பண்ணையோடு பிணைக்கப்பட்டே கிடந்தான். தரிசு நிலத்தைத் தர்க்காஸ்து கொடுத்துப் பெறலாம் என்று விதி இருந்தது. ஆனால் அவன் மனுக் கொடுத்தால் அந்நிலத்தின் மீது முதல் உரிமை மிராசுதாருக்கே உண்டு என்று அதே விதி சொன்னது. மீறிக் கேட்டவன் குடிசையை இழந்தான். சட்டம் திறந்த கதவை வழக்கம் அடைத்து நின்றது.

இந்நிலையில் வந்தது தாது வருடப் பஞ்சம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய அக்கொடுமையின்போது கஞ்சித் தொட்டிகள் பல திறந்தன. கிறித்தவத் தமிழ்ச் சான்றோரும் வாளா இருக்கவில்லை. மாயூரம் வேதநாயகம் பிள்ளை தம் பொருளை வாரி வழங்கியதைக் கோபாலகிருஷ்ண பாரதியார் போற்றிப் பாடியது இலக்கிய உலகம் அறிந்த செய்தி. ஈகை தமிழரின் பேரறம். அதனைக் குறைத்து மதிப்பிடல் ஆகாது. எனினும் பஞ்சம் தீர்ந்த மறுநாள் கஞ்சித் தொட்டி மூடப்பட்டது. படியாள் பழைய பண்ணைக்கே திரும்பினான். ஈகை அன்றைய பசியைத் தணித்தது. அப்பசி அவன் வீட்டுக்கே ஏன் முதலில் வந்தது என்னும் வினாவை அது எழுப்பவில்லை. அவ்வினா எழுந்த இடத்தில்தான் நீதி பிறக்கிறது.

பஞ்சத்தைத் தொடர்ந்த ஆண்டுகளில் சேரி மக்கள் கூட்டங்கூட்டமாகத் திருச்சபைகளை நாடினர். அவர்களைத் தேடிச் சென்று அழைத்தவர் குருமார் என்றே பலரும் எழுதிவிட்டனர். உண்மையில் பல ஊர்களில் முதல் அடியை எடுத்து வைத்தவர்கள் அம்மக்களே. ஞானத்தோடு பள்ளியும், பிராதும், மனு எழுதித் தரும் கையும் வேண்டுமென்றே அவர்கள் வந்தனர். சோறுக்கு மதம் மாறியோர் என்று அவர்களை இகழ்ந்தவர் உண்டு. பசித்தவன் நீதி கேட்டதை ஆசை என்று பெயரிட்டது, பசியறியாதவர் மொழி.

செங்கற்பட்டில் ஸ்காட்லாந்துச் சுயாதீனத் திருச்சபையைச் சேர்ந்த ஆடம் ஆண்ட்ரூவும், திருவள்ளூர்ப் பகுதியில் வெஸ்லியன் சபையைச் சேர்ந்த வில்லியம் கௌடியும் பணியாற்றினர். திருமுழுக்குப் பெற்றவனை மனையிலிருந்து விரட்டும் உரிமை மற்றொருவன் கையில் இருக்குமானால், அவன் நம்பிக்கையும் அவனுடையதாய் நிலைக்காது என்பதை அனுபவம் அவர்களுக்குக் கற்பித்தது. எனவே அவர்கள் பட்டாவைப் பற்றிப் பேசத் தொடங்கினர். குடிமனைக்கும் தரிசுக்கும் அரசிடம் வாதாடினர். ஆண்ட்ரூவின் முயற்சியால் மெல்ரோசாபுரம் போன்ற உழவர் குடியிருப்புகள் தோன்றின.

1891இல் அம்மாவட்ட ஆட்சியர் பொறுப்பில் இருந்த திரமென்ஹீர், செங்கற்பட்டுப் பறையர் நிலை குறித்து விரிவான அறிக்கையொன்றை அரசுக்கு அளித்தார். கடன், மனையின்மை, நிலமின்மை, கல்வியின்மை ஆகியவை ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நிற்பதை அவ்வறிக்கை விளக்கியது. வருவாய் வாரியத்தார் அதன் பரிந்துரைகள் பலவற்றை ஏற்க மறுத்தனர். ஆயினும் 1892ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் அரசாணை எண் 1010 வெளிவந்தது. அதன் வழியிலும் பின்வந்த ஆணைகளின் வழியிலும் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென ஒதுக்கப்பட்ட நிலமே பஞ்சமி நிலம். அதனைப் பிற வகுப்பார்க்கு விற்கலாகாது என்பது அந்நிலத்தோடு பிறந்த நிபந்தனை.

இவ்வரலாற்றைச் சமயத் தொண்டர்களின் வெற்றிக் கதையாக மட்டும் சொல்வது பிழையாகும். அவர்கள் நோக்கில் சபை பெருகும் ஆவலும் கலந்திருந்தது. ஒடுக்கப்பட்டோரின் சொந்தக் குரலும் அதே ஆண்டுகளில் உரத்து ஒலித்தது. அயோத்திதாசப் பண்டிதர் 1891இல் திராவிட மகாஜன சபையை நிறுவினார். செங்கற்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். இருவரும் கிறித்தவம் தழுவாதவர்கள். அடையாற்றில் 1894இல் பஞ்சமர் பள்ளியைத் திறந்த கர்னல் ஆல்காட் பிரம்மஞான சபையினர். நீதி எந்த ஒரு சமயத்துக்கும் தனிச்சொத்து அன்று என்பதற்கு இவர்களே சான்று. கிண்டிக் காந்தி மண்டப வளாகத்தில் இரட்டைமலை சீனிவாசனுக்கு நினைவு மண்டபம் அமைந்திருப்பது, இந்த மண்ணின் கதைக்கு அமைந்த பொருத்தமான குறிப்பு.

அதே 1894இல்தான் எச்.ஏ. கிருஷ்ண பிள்ளையின் ‘இரட்சணிய யாத்திரிகம்’ நூலாக வெளிவந்தது. வானக நகரை நோக்கி நடக்கும் யாத்திரிகனைக் கம்பன் தோய்ந்த தமிழில் பாடிய காப்பியம் அது. ஒரு புறம் மோட்ச நகரை நோக்கிய நடை; மறுபுறம் சைதாப்பேட்டைக் கச்சேரியை நோக்கி மனுவோடு நடந்த உழவனின் நடை. இரண்டும் ஒரே காலத்தில், ஒரே மறையின் நிழலில் நிகழ்ந்தன. முதல் நடைக்குக் காப்பியம் கிடைத்தது. இரண்டாவது நடைக்கு அரசாங்கக் கோப்பு மட்டுமே கிடைத்தது. பாவலர் அவையில் இக்குறையைச் சுட்டாமல் செல்லலாகாது.

மறைநூல் இவ்விரு நடைகளையும் பிரித்துப் பார்க்கவில்லை. நாபோத்தின் கதையை எண்ணிப் பார்க்கலாம். அரண்மனையை அடுத்திருந்த அவனுடைய திராட்சைத் தோட்டத்தைக் கீரைத் தோட்டமாக்க விரும்பினான் ஆகாப் மன்னன். முன்னோர் வழி வந்த நிலத்தை நாபோத்து தர மறுத்தான். மன்னன் முத்திரையிட்டுக் கடிதம் எழுதினாள் அரசி யேசபேல். பொய்ச்சாட்சிகள் எழுந்தனர், நாபோத்து கல்லெறியப்பட்டு மாண்டான். முத்திரையும் சாட்சியும் முறையாக இருந்தன. நீதி மட்டும் இல்லை. அத்தோட்டத்துக்கே சென்று மன்னனை எதிர்கொண்டவர் எலியா. நில வழக்கில் தலையிடுவது இறைவாக்கினரின் பணிக்குப் புறம்பு என்று அந்நூல் சொல்லவில்லை. 50ஆம் ஆண்டு தோறும் இழந்த நிலம் உரிய குடும்பத்துக்கு மீள வேண்டும் என விதித்ததும் அதே மறை. நாசரேத்துத் தொழுகைக் கூடத்தில் ஏசாயாவின் ஏட்டை விரித்து, ஏழைக்கு நற்செய்தியும் சிறைப்பட்டோர்க்கு விடுதலையும் தம் பணி என்று அறிவித்தவர் இயேசு. நீதிக்காகச் செயற்படுவது நற்செய்திப் பணியின் உள்ளுறுப்பு என 1971இல் உரோமையில் கூடிய கத்தோலிக்க ஆயர் மாமன்றம் உரைத்தது. செங்கற்பட்டு வயல்கள் அதனை எண்பது ஆண்டுகளுக்கு முன்பே கற்பித்திருந்தன.

எனினும் அரசிடம் நீதி கேட்ட திருச்சபை தன் வீட்டுக்குள் நீதி செய்ததா என்பதே கடினமான கேள்வி. நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் ஒரே ஆலயத்துள் சாதிக்கொரு பகுதியாகச் சுவர் நின்றது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது இடிக்கப்பட்டபோது, தனியிடம் தம் உரிமை என்று வழக்காடியோர் உயர்நீதிமன்றம் வரை சென்று தோற்றனர். சுவர் போயிற்று, மனச்சுவர் கல்லறைத் தோட்டங்களிலும் திருவிழாத் தேரோடும் தெருக்களிலும் தொடர்ந்தது. துறவு மடத்தை விட்டு வெளியேறிய பாமா 1992இல் ‘கருக்கு’ எழுதியபோது, திருச்சபைக்குள்ளிருந்தே எழுந்த சாட்சியாக அது நின்றது. நாட்டின் சட்டமும் துணை நிற்கவில்லை. பட்டியல் சாதியினர் குறித்த 1950ஆம் ஆண்டு ஆணை 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் உட்கொண்டது. தலித் கிறித்தவர்க்கு அக்கதவு அடைபட்டது. 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மாற்றம் வேண்டுமெனப் பரிந்துரைத்தது; 2022இல் மற்றோர் ஆணையம் அமைக்கப்பட்டது. சாதி தேவாலயக் கதவோடு நின்றுவிடுகிறது என்று சட்டம் கருதுகிறது. கல்லறையிலும் பிரிக்கப்பட்டவர்கள் அதை நம்பவில்லை.

பஞ்சமி நிலத்தின் கதையும் முடியவில்லை. நிபந்தனையை மீறி அந்நிலங்களில் பெரும்பகுதி கைமாறிப் போயிற்று. 1994இல் அதே செங்கற்பட்டு மாவட்டத்துக் காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கும் போராட்டம் எழுந்தது. அக்டோபர் 10ஆம் நாள் செங்கற்பட்டில் நிகழ்ந்த காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்னும் இருவர் உயிரிழந்தனர். இரு பெயர்களும் இரு சமயங்களைச் சொல்கின்றன. அவர்கள் கேட்டதோ ஒரே நிலம். 1892இன் ஆணைக்காக 102 ஆண்டுகள் கழித்துக் குருதி சிந்த நேர்ந்தது. நாபோத்தின் தோட்டம் யெஸ்ரயேலோடு முடியவில்லை.

ஆகவே சமூகநீதி திருச்சபையின் பணியில் பின்னர் சேர்த்த இணைப்பு அன்று. ஏரிக்கரை உழவன் மனுவோடு வந்து நின்ற நாளிலேயே அது பணியின் நடுவே வந்துவிட்டது. அம்மனுவை எழுதிக் கொடுத்த கை, தன் ஆலயத்துச் சுவரையும் இடித்தாக வேண்டும்; தன் பொறுப்பில் உள்ள நிலத்தையும் கல்விக்கூடத்தையும் யாருக்குப் பயன்படுத்துகிறது என்ற கணக்கையும் காட்டியாக வேண்டும். பிறரிடம் கேட்கும் நீதியைத் தன்னிடம் தொடங்கும்போதே அதன் சொல்லுக்கு வலிமை உண்டாகும்.

பாவலர் பெருமக்களுக்கும் இதில் பங்கு உண்டு. கச்சேரிக்கு மனுவோடு நடந்தவர்களின் பெயர்கள் கோப்புகளில் புதைந்து கிடக்கின்றன. அவர்கள் நடந்த பாதைக்கு இன்னும் காப்பியம் எழுதப்படவில்லை. பதினோராம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் இவ்வட்டத்துக் கவிஞர்களுள் ஒருவரேனும் அதனைத் தொடங்குவாராயின், இவ்விழா பயனுடைய விழாவாகும்.

வாழ்க தமிழ்! ஓங்குக நீதி!