மெட்டுக்கும் மூச்சு வேண்டும்



பள்ளி நாளில் எங்கள் இசையாசிரியை, மோகன ராகத்தின் ச, ரி, க, ப, த என்னும் ஐந்து சுரங்களைக் கரும்பலகையில் எழுதி, ஆதி தாளத்தில் இரண்டு ஆவர்த்தனத்துக்கு ஒரு மெட்டு அமைக்கும்படி பணித்தார். அட்சரத்துக்கு நான்காக 64 சுரங்களை இடைவிடாது நிரப்பிச் சென்றேன்.

"பாடு" என்றார். பாதியிலேயே மூச்சு முட்டியது, வகுப்பு நகைத்தது. அவர் நகைக்கவில்லை. சில சுரங்களை அழித்து, ஒரு சுர அளவுக் கார்வைக்குக் காற்புள்ளியும், இரு சுர அளவுக்கு அரைப்புள்ளியும் இட்டார். மெட்டு காந்தாரத்தில் சற்றுத் தங்கி, சட்ஜத்தில் வந்து இளைப்பாறிற்று. நகைத்த வகுப்பே அதைப் பாடிற்று. எஞ்சிய சுரங்கள் யாவும் நான் எழுதியவையே!

ஆதலின் நண்பர்களே, எழுதிய மெட்டை முதலில் வாய்விட்டுப் பாடிப் பாருங்கள். மூச்சு கேட்குமிடத்தில் இடங்கொடுங்கள்.